இணக்கமும் பழுதுபார்த்தலும்: ‘சிக்வின்’ மென்பொருளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்ப்பெயர்களை நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். நெளுக்குளம், செட்டிகுளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, உடையார்கட்டு எனக் குளத்தையும் கட்டையும் ஈறாகக் கொண்ட பெயர்களே இங்கு மிகுதி. குளத்தைக் கட்டியவனின் பெயர் சில இடங்களிற் கல்வெட்டாகவும் சில இடங்களில் வாய்மொழிக் கதையாகவும் நிலைத்திருக்கின்றது. ஆனால், மாரிதோறும் கட்டில் ஏற்படும் உடைப்பை அடைத்தவனையும், துருசின் கசிவை நிறுத்தியவனையும், வான் பாய்ந்த இடத்தின் அரிப்பைச் சீர்செய்தவனையும் எவ்வேடும் பெரும்பாலுங் குறித்து வைப்பதில்லை. குளம் நீர்கொண்டு நிற்பதற்குக் கட்டியவன் ஒருமுறை காரணன். பழுதுபார்த்தவர்கள் ஆண்டுதோறுங் காரணர்.

கணினி மென்பொருளின் வரலாறும் இக்குறைக்கு விலக்கானதன்று. புதியதொன்றைப் படைத்தோரின் பெயர்கள் நூல்களில் இடம்பெறுகின்றன. அதனை முப்பது ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திப் பயன்பாட்டில் வைத்திருப்போரின் பணி, வெளியீட்டுக் குறிப்புகளின் சிறு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றது. ‘வழு திருத்தப்பட்டது’ என்னும் இரு சொற்களுக்குப் பின்னால் ஒரு காலத்தின் தொழில்நுட்பமும் பொருளாதாரமும் மறைந்து நிற்பதுண்டு. யுனிக்ஸ் முறைமைக்கு எழுதப்பட்ட செய்நிரல்களை விண்டோஸ் முறைமையில் இயங்கச் செய்யும் ‘சிக்வின்’ என்னும் இணக்க அடுக்கினை எடுத்துக்கொண்டு, அதன் திருத்தங்களின் வழியே அதன் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்திருத்தங்களுள் ஒன்று தமிழில் எழுதுவோராகிய எம்மையும் நேரே தொட்டது என்பதனையும் ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

இரு முறைமைகள்

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிட்சி முதலியோரால் தொடங்கப்பட்டது. 1973இல் அது பெரும்பாலும் சி மொழியில் மீள எழுதப்பட்டமையால் ஒரு கணினி வகையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லத்தக்கதாயிற்று. பல்கலைக்கழகங்கள் அதனை விரும்பி ஏற்றன. காலப்போக்கில் அது பல கிளைகளாகப் பிரிந்தபோது, அக்கிளைகளுக்கிடையே பொதுவிதி வேண்டுமென்ற தேவையினால் 1988இல் ‘பொசிக்ஸ்’ என்னும் நியமம் வெளியிடப்பட்டது. ஒரு செய்நிரல் பணிசெயல் முறைமையிடம் எவ்வெவ்வற்றை எவ்வெவ்வாறு கேட்கலாம், முறைமை எவ்வாறு விடையளித்தல் வேண்டும் என்பதனை வரையறுக்கும் ஒப்பந்தமே அது.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் வேறு மரபில் வந்தது. 1993இல் வெளியான விண்டோஸ் என்ரி, தன்னுள் பொசிக்சுக்கென ஓர் உபமுறைமையைக் கொண்டிருந்தது உண்மையே. ஆயினும், அமெரிக்க அரசின் கொள்வனவு நிபந்தனைகளை நிறைவுசெய்தலே அதன் முதன்மை நோக்கமெனக் கருதப்படுகின்றது. வலையமைப்புக்கும் வரைகலைக்கும் அதில் இடமிருக்கவில்லை. உண்மையான யுனிக்ஸ் செய்நிரல்களுள் மிகச் சிலவே அதனுள் இயங்கக்கூடியனவாயிருந்தன.

இவ்விரு மரபுகளுக்கும் இடையிலான வேறுபாடு மேற்பரப்பில் மட்டும் அமைந்ததன்று. யுனிக்சில் கோப்பின் பெயர் பைற்றுகளின் கோவை. விண்டோசின் உள்ளே அது பதினாறு பிற்று அலகுகளின் கோவை. யுனிக்சில் ஒரு வரியின் முடிவை ஒரு குறி காட்டும். விண்டோசில் இரண்டு குறிகள் காட்டும். யுனிக்சில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு. விண்டோஸ் வழக்கில் அவை கோப்புப் பெயரில் ஒன்றே. யுனிக்சில் ஒரு செயன்முறை தன்னைத்தானே இரண்டாகக் கிளைத்துக்கொள்ளும். விண்டோசின் பொதுப் பயன்பாட்டு இடைமுகத்தில் அதற்கு ஈடான வினையே இல்லை. இணக்க அடுக்கு என்பது இவ்வேறுபாடுகள் அனைத்தையும் ஒவ்வொரு கணமும் மொழிபெயர்த்து நிற்கவேண்டிய பொருளாகும்.

தோற்றம்

1989இல் ஜோன் கில்மோர், மைக்கேல் ரீமன், டேவிட் ஹென்கெல்-வாலஸ் ஆகிய மூவரும் சிக்னஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். விலையின்றிக் கிடைக்கும் குனூ மென்பொருள்களைப் பராமரித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் பெறுவதே அவர்களது வணிகமாயிருந்தது. பராமரிப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திற் சிக்வின் பிறந்தமை கருதத்தக்கது.

1995இல் அந்நிறுவனப் பொறியியலாளரான ஸ்டீவ் சேம்பர்லெயின், விண்டோசின் நிறைவேற்றத்தகு கோப்புகள் ‘கொஃப்’ என்னும் அமைப்பினைத் தழுவியிருப்பதைக் கவனித்தார். குனூ தொகுப்பி அவ்வமைப்பையும் இன்ரெல் செயலியையும் முன்னரே அறிந்திருந்தது. எனவே, விண்டோசுக்கான செய்நிரலைக் குனூ தொகுப்பியினாற் பிறப்பிக்கலாம் என்பது தெளிவாயிற்று. அடுத்த படியில் ஒரு சிக்கல் எழுந்தது. தொகுப்பியை விண்டோசிலேயே கட்டியெழுப்புவதாயின், அதன் ஒழுங்கமைப்புக் கட்டளைத்தொடரை இயக்குதல் வேண்டும். அதனை இயக்க ‘பாஷ்’ போன்ற கட்டளை விளக்கி வேண்டும். அக்கட்டளை விளக்கிக்குச் செயன்முறைக் கிளைப்பு வேண்டும். ஒன்றைத் தொட ஒன்று வந்தது. இவ்வாறு, ஒரு தொகுப்பியை இயக்குவதற்கு வேண்டியனவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்ததன் விளைவாகவே ஒரு முழு யுனிக்ஸ் சூழல் உருவாயிற்று. சிக்வின் முன்கூட்டிய பெருந்திட்டத்தின் விளைவு எனக் கூறுவதிலும், அடுத்தடுத்து அடைக்கப்பட்ட குறைகளின் தொகை எனக் கூறுதல் பொருந்தும்.

அது ‘சிக்வின்32’ என்றே முதலில் வழங்கியது. விண்32 என்பதனை மைக்ரோசொப்ற் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டபின் எண் நீக்கப்பட்டது. 1998இல் ஜெஃப்ரி நோயர் அமெரிக்காவில் நடந்த யூசெனிக்ஸ் கருத்தரங்கொன்றில் இம்மென்பொருளின் அமைப்பினை விளக்கிக் கட்டுரை வாசித்தார். பின்னர் கிறிஸ்ரோஃபர் ஃபெய்லரும் அவரைத் தொடர்ந்து கொரினா விஞ்சனும் இதனை முன்னின்று நடத்தினர். 1999இன் இறுதியில் சிக்னஸ் நிறுவனத்தை வாங்குவதாக றெட் ஹற் அறிவித்தது. 2000இல் அக்கொள்வனவு நிறைவுற்றது.

சிக்வின் தொடங்கிய 1995ஆம் ஆண்டு எம்மவர்க்கு வேறொரு காரணத்தினால் நினைவிலிருப்பது. அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் அடுத்த மாதங்களில் வன்னியை வந்தடைந்தனர். மின்கலத்துக்கும் எரிபொருளுக்கும் தடையிருந்த வன்னியில் மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கணினியுலகில் இரு முறைமைகள் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்ட அவ்வாண்டுகளில் நாம் அவ்வுரையாடலுக்கு வெளியே இருந்தோம். பின்னர் நாம் உள்ளே நுழைந்தபோது எமக்குரிய இடம் ஆயத்தமாயிருந்ததா என்பதனைக் கீழே காண்போம்.

கிளைப்பும் அதன் பழுதுகளும்

இணக்க அடுக்கொன்றின் வழுக்களை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். அடுக்கினை எழுதியோரின் பிழையால் நேர்வன ஒருவகை. அடுக்கின் கீழுள்ள முறைமை மாறுவதனால் நேர்வன இன்னொருவகை. அடுக்கின் மேலிருந்து அதனைப் பயன்படுத்துவோரின் எதிர்பார்ப்பு மாறுவதனால் நேர்வன மூன்றாம் வகை. சாதாரண மென்பொருளுக்கு முதல்வகையே பெரிது. இணக்க அடுக்குக்கோ பின்னைய இரண்டுமே ஓயாத தொல்லை. தன் குறிமுறையில் ஓர் எழுத்தும் மாறாதிருக்கையிலும் அது பழுதடையக்கூடும். இதற்குத் தக்க சான்று ‘ஃபோர்க்’ எனப்படும் கிளைப்பின் கதையாகும்.

யுனிக்சில் ஒரு செயன்முறை கிளைக்கும்போது, தாயின் நினைவகம் முழுவதும் சேய்க்கும் உரியதாகின்றது. தற்கால யுனிக்ஸ் முறைமைகள் அதனை உடனே படியெடுப்பதில்லை. இருவருள் ஒருவர் எழுத முற்படும்போதே அப்பகுதியைப் படியெடுக்கின்றன. ஆகையாற் கிளைப்பு விரைவானது. விண்டோசில் அவ்வசதி இன்மையால் சிக்வின் அதனைக் கையால் நிகழ்த்துகின்றது. தாய் முதலில் ஒரு சேயை உருவாக்கி, அதனை இயங்காநிலையில் நிறுத்திவைக்கும். பின் தன் அப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, தன் தரவுப் பகுதிகளைச் சேயின் நினைவகத்திற் படியெடுக்கும். அதன்பின் சேய் விழித்து, தான் கிளைத்துப் பிறந்தது என்பதை உணர்ந்து, தாய் குறித்த இடத்துக்குப் பாய்ந்து, மீண்டும் காத்திருக்கும். அப்போது தாய் தன் அடுக்ககத்தையும் குவியலையும் படியெடுத்துக் கொடுக்கும். இவ்வளவும் முடிந்த பின்னரே இரண்டும் தத்தம் வழியிற் செல்லும். கட்டளைத்தொடர்கள் சிக்வினில் மெதுவாக ஓடுவதாக மாணவர் முறையிடுவதற்கு முதற்காரணம் இதுவே.

இம்முறை வெற்றிபெற ஒரு நிபந்தனை உண்டு. தாய் எந்த முகவரிகளில் நூலகக் கோப்புகளை ஏற்றியிருந்ததோ, சேயும் அதே முகவரிகளில் அவற்றை ஏற்றுதல் வேண்டும். இன்றேல், படியெடுத்த சுட்டிகள் வேறிடத்தைச் சுட்டும், கிளைப்பு தோல்வியுறும். 32 பிற்று முறைமையின் குறுகிய முகவரிவெளியில் நூலகங்கள் பெருகியபோது இம்மோதல்களும் பெருகின. அதனைத் தீர்க்க, ஒவ்வொரு நூலகத்துக்கும் மோதாத முகவரியை முன்கூட்டியே ஒதுக்கும் ‘மீளடியிடல்’ என்னும் கருவி ஆக்கப்பட்டது. தொடக்கத்திற் பயனரே அதனை இயக்கவேண்டியிருந்தது. பின்னர் நிறுவும் செய்நிரலே அதனைச் செய்துகொடுத்தது.

விண்டோஸ் விஸ்ராவுடன், முகவரிகளை வேண்டுமென்றே தாறுமாறாக்கும் பாதுகாப்பு முறை விண்டோசில் அறிமுகமாயிற்று. தீயோர் நினைவகத்தின் அமைப்பை ஊகிக்காதிருக்கச் செய்யப்பட்ட நல்லேற்பாடு அது. ஆயின், முகவரி மாறாதிருத்தலையே நம்பி நின்ற சிக்வினுக்கு அதுவே இடராயிற்று. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் சில, தம் நூலகங்களை ஏனைய செயன்முறைகளுக்குள் புகுத்தும் வழக்கமுடையன. அவையும் முகவரிகளைக் குழப்பின. இவ்வாறு இடர் விளைக்கும் மென்பொருள்களின் பட்டியலொன்றைச் சிக்வின் தன் ஆவணங்களிலேயே வெளியிட நேர்ந்தது. ஒன்றைக் காக்கும் ஏற்பாடு மற்றொன்றைக் கெடுக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் 64 பிற்றுப் பதிப்பு வெளியாகிப் பரந்த முகவரிவெளி கிடைத்த பின்னரே இத்தொல்லை பெரிதும் தணிந்தது.

திருத்தமே பழுதாதல்

எல்லாத் திருத்தமும் எல்லார்க்கும் நன்மையாவதில்லை. வரிமுடிவு பற்றிய பிணக்கு இதனை விளக்கும். விண்டோசின் எழுத்துத் திருத்திகளில் எழுதிய கட்டளைத்தொடரின் ஒவ்வொரு வரியும் ஒரு மிகைக் குறியோடு முடியும். யுனிக்ஸ் நியமத்தின்படி அக்குறி கட்டளையின் ஒரு பகுதி. ஆகவே அக்கட்டளை இல்லையெனப் பிழை காட்டப்படும். ஒரு காலத்தில் சிக்வினின் பாஷ் அக்குறியைப் பொறுத்துக்கொண்டது. பின்னர், விரைவையும் நியமத்தையுங் கருதி அப்பொறுமை கைவிடப்பட்டது. நியமத்தை நோக்க அது திருத்தம். ஆயிரக்கணக்கான பழைய கட்டளைத்தொடர்களை வைத்திருந்தோரை நோக்க அது பழுது. எதிர்ப்பெழுந்ததும், வேண்டுவோர் அம்மிகைக் குறியைப் புறக்கணிக்கும்படி பணிக்கத்தக்க ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. நியமம் இயல்பாக நின்றது. பழக்கம் கேட்டுப்பெறும் சலுகையாயிற்று.

குறியீட்டு இணைப்புகளின் வரலாறும் இத்தகையதே. ஒரு கோப்பு இன்னொன்றைச் சுட்டும் அவ்வசதிக்கு விண்டோசில் நெடுங்காலம் ஈடு இருக்கவில்லை. எனவே, சிக்வின் முதலில் தனக்கு மட்டும் விளங்கும் அடையாளத்தோடு கூடிய சிறு கோப்புகளை ஆக்கியது. பின்னர் விண்டோசின் குறுக்குவழிக் கோப்புகளைப் பயன்படுத்தியது. பின்னர் மீண்டும் பழைய வழிக்கே திரும்பியது. 2020இல், மைக்ரோசொப்ற் தன் லினக்ஸ் உபமுறைமைக்கென வகுத்த வடிவத்தைத் தழுவியது. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய வடிவங்களை வாசிக்கும் ஆற்றல் விடப்படவில்லை. எழுதுவது புதிய வடிவில், வாசிப்பது எல்லா வடிவிலும் என்னும் இக்கொள்கை இணக்க அடுக்கின் அறம் எனலாம்.

2019இன் இறுதியில் வெளியான 3.1.0 பதிப்பில் தகாஷி யானோ, விண்டோஸ் 10 வழங்கிய போலி முனைய வசதியைச் சிக்வினுடன் இணைத்தார். அதனால், யுனிக்ஸ் முனையத்தினுள் விண்டோசுக்கேயுரிய செய்நிரல்களையும் ஒழுங்காக இயக்குதல் கைகூடியது. 2021இல் வெளியான 3.3.0 பதிப்பில், ஒரு செய்நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாக்கும் ‘குழாய்’ அமைப்பு மீளக் கட்டப்பட்டது. தொடர்ந்து வந்த சிறு வெளியீடுகளிலும் குழாய் தொடர்பான திருத்தங்கள் இடம்பெற்றன. துருசைப் புதிதாக வைத்தவன் அடுத்த மாரியிற் கசிவைத் தேடிப் பார்க்கவேண்டியவனாதல் போல, பெருந்திருத்தம் செய்தவரும் சிறுதிருத்தங்களுக்குக் கடமைப்பட்டவராகின்றார்.

தமிழ்ப் பெயரும் 2009ஆம் ஆண்டும்

இனி எம்மைத் தொட்ட திருத்தத்துக்கு வருவோம். சிக்வினின் 1.5 வரிசைப் பதிப்புகள், கோப்புப் பெயர்களுக்கு விண்டோசின் பழைய எண்பிற்று வினைகளையே அழைத்தன. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலும் இயங்கவேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். எண்பிற்று முறையில் ஒவ்வொரு மொழித் தொகுதிக்கும் ஒரு குறிப்பக்கம் உண்டு. மேலை ஐரோப்பாவுக்கு ஒன்று, கிரேக்கத்துக்கு ஒன்று, சப்பானுக்கு ஒன்று என்றவாறு. தமிழுக்கு விண்டோசில் அத்தகைய குறிப்பக்கம் வகுக்கப்படவேயில்லை. விண்டோஸ் 2000 முதல் ஒருங்குகுறி வாயிலாக மட்டுமே தமிழ் இடம்பெற்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விண்டோசில் ‘நெளுக்குளம்’ எனத் தமிழிற் பெயரிட்ட கோப்பொன்றை ஒருவர் வைத்திருந்தாரென்க. விண்டோசின் சாளரத்தில் அப்பெயர் செம்மையாகத் தோன்றும். பழைய சிக்வினிற் கோப்புகளைப் பட்டியலிட்டாலோ, அப்பெயரின் இடத்தில் வினாக்குறிகளே வரிசையாக நிற்கும். அவ்வளவோடு முடிந்தால் அது தோற்றக் குறை மட்டுமே. விண்டோசிற் கோப்புப் பெயரில் வினாக்குறிக்கு இடமில்லையாதலால், அப்பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறக்கவும் இயலாது. கோப்பு இருக்கின்றது, பட்டியலிலும் உள்ளது, பெயர் சொல்லி அழைக்கத்தான் வழியில்லை.

இப்பழுதை நம்மவர் பலர் நெடுங்காலம் உணராதிருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஈழத்தில் அக்காலத்திற் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துரு, தமிழை உரோம எழுத்துகளின் குறிகளிலேயே சேமித்தது. எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து பொருளற்ற உரோம எழுத்துகள் தோன்றும். கோப்புப் பெயர்களையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இட்டனர். கணினியைப் பொறுத்தவரையில் அங்கே தமிழ் இருக்கவேயில்லை. ஆதலாற் பழுதும் இருக்கவில்லை. ஒருங்குகுறிக்கு மாறித் தமிழைத் தமிழாகவே சேமிக்கத் தொடங்கியபோதுதான் வினாக்குறிகள் தோன்றின. தன்னை மறைத்துக்கொண்டு வாழும் மொழிக்கு வழு தெரிவதில்லை.

2009 திசெம்பரில் வெளியான 1.7.1 பதிப்பு இந்நிலையை மாற்றியது. விண்டோஸ் 95, 98, எம்ஈ ஆகியவற்றுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டு, கோப்பு வினைகள் யாவும் ஒருங்குகுறி வினைகளின்மேல் மீளக் கட்டப்பட்டன. உள்ளே பதினாறு பிற்று அலகுகளில் உள்ள பெயர், யூரிஎஃப்-8 என்னும் குறிமுறையில் யுனிக்ஸ் செய்நிரல்களுக்கு வழங்கப்பட்டது. யுனிக்சில் இடம்பெறலாம், விண்டோசில் இடம்பெறலாகாது என்னும் குறிகளுக்கும் ஒருங்குகுறியின் தனிப்பயன் பகுதியில் மாற்றிடம் ஒதுக்கப்பட்டது. பாதைப் பெயரின் நீளமும் முன்னைய 260 என்னும் எல்லையைக் கடந்து ஏறத்தாழ 32,000 வரை விரிந்தது. இத்திருத்தம் தமிழைக் கருதிச் செய்யப்பட்டதன்று. எனினும் தமிழ் அதனாற் பயன்பெற்றது. போர் ஓய்ந்த அவ்வாண்டின் இறுதியில், ஊர்ப்பெயரைத் தமிழில் இட்ட கோப்பு முதன்முறையாக இவ்வடுக்கின் வெளியீட்டில் அதன் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று.

ஆயினும் ஒரு கணக்கை மறத்தலாகாது. ‘நெளுக்குளம்’ என்பது எமக்கு ஆறு எழுத்து. ஒருங்குகுறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி எண்ணப்படுதலால் அது பதினொரு குறிகளாகின்றது. யூரிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ளுமாதலால் அதுவே 33 பைற்றாகின்றது. விண்டோசின் கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பதினாறு பிற்று அலகுகளை அனுமதிக்கின்றது. லினக்சின் வழமையான எல்லையோ 255 பைற்று. ஆகவே, விண்டோசில் 255 குறிவரை நீளத்தக்க தமிழ்ப் பெயர், லினக்சில் 85 குறிகளோடு நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இரு எல்லைகளும் ஒன்றே. அவர்கள் அவ்வேறுபாட்டைக் காணவே மாட்டார்கள். முனையச் சாளரங்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் இன்றும் கட்டங்களுக்குள் ஒழுங்காக அமர்வதில்லை. இவ்வகை வழுக்களை முதலிற் காண்போர் எம்போன்ற மொழியினரே. கண்டவர் சொல்லாதவிடத்து அவை வழு என்றே எண்ணப்படமாட்டா.

கைவிடப்பட்ட பொறிகள்

மேற்கூறிய நன்மைக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. ஒருங்குகுறி வந்தபோது விண்டோஸ் 98 பொறிகள் வெளியேற்றப்பட்டன. பின்னரும் இதுவே தொடர்ந்தது. 2016இல் எக்ஸ்பி விடப்பட்டது. 2022இன் இறுதியில் வெளியான 3.4.0 பதிப்போடு 32 பிற்று முறைமைகள் யாவும் விடப்பட்டன. 2024இல் வெளியான 3.5.0 பதிப்போடு விண்டோஸ் 7, 8 ஆகியன விடப்பட்டன.

இதனை இரக்கமின்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மைக்ரோசொப்ற் தானே விண்டோஸ் 98க்கான ஆதரவை 2006இலும், எக்ஸ்பிக்கானதை 2014இலும், விண்டோஸ் 7க்கானதை 2020இலும் நிறுத்திவிட்டது. படைத்த நிறுவனம் கைவிட்ட பின்னரும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்வரை இவ்வடுக்கு அப்பொறிகளைத் தாங்கியது. பழைய முறைமைக்கெனக் குறிமுறையில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாற்றுவழியும் புதிய வழுவுக்கு வாயிலாகின்றது. பேணுவோர் சிலராயிருக்க, பேணவேண்டிய கிளைகள் பலவாதல் இயலாது.

எனினும் எம் பக்கத்திலிருந்து நோக்குமிடத்து நிலை வேறு. கொழும்பிலோ வெளிநாட்டிலோ பயன்பட்டுக் கழிந்த கணினிகள், அன்பளிப்பாகவும் குறைந்த விலைக்கும் வன்னிக்கு வந்து சேர்கின்றன. அங்கே முடிவுற்ற ஆண்டு இங்கே தொடக்க ஆண்டாகின்றது. வவுனியா நகரை அண்டிய நெளுக்குளத்தில் ஒரு மாணவர் கைமாறிய விண்டோஸ் 7 கணினியிற் கற்கின்றாரெனின், இன்றைய பதிப்பு அவருக்கு எட்டாது. பழைய பதிப்புகளைத் திரட்டிப் பேணும் தன்னார்வத் தொகுப்பையே அவர் நாடவேண்டும். அப்பதிப்பில் அதன்பின் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாமலே இருக்கும். எடுத்துக்காட்டாக, 2014 செப்ரெம்பரில் பாஷ் கட்டளை விளக்கியில் வெளிப்பட்ட பெருங்குறையை நினைக்கலாம். அதற்கு முந்திய தொகுப்புகளை இன்றும் வைத்திருப்போர் அக்குறையையும் சேர்த்தே வைத்திருக்கின்றனர். இற்றைப்படுத்தல் என்பது எல்லார்க்கும் ஒரே கணத்தில் நிகழ்வதன்று. அதற்கும் மையமும் விளிம்பும் உண்டு.

பொதுச்சொத்தும் அதன் காவலும்

இலங்கையின் நீர்ப்பாசன வரலாற்றில் ஓர் அத்தியாயம் இங்கே நினைவுகூரத்தக்கது. 1832இல் ஆங்கில ஆட்சியாளர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறையை ஒழித்தனர். அடிமைத்தன்மையான அவ்வூழியம் நீங்கியமை நன்றே. ஆனால், கிராமக் குளங்களைப் பராமரிக்கும் கடமையும் அதனோடு பிணைந்திருந்தமையாற் கட்டுகள் கவனிப்பாரற்றுப் போயின என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்தாகும். 1856இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், வயல் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழமைகளை மீளவும் நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. பொதுச்சொத்துக்கு உரிமையாளர் பலர் இருப்பதனாற் பயனில்லை; அதனைப் பேணுங் கடமை யாருடையது என்பது தெளிவாயிருத்தல் வேண்டும்.

சிக்வினின் நிலையும் இதுவே. அதன் மூலக்குறிமுறை எவரும் காணவும் திருத்தவும் திறந்தது. 2016இல் அதன் உரிமம் மேலும் தளர்த்தப்பட்டது. பயன்பெறுவோர் தொகையோ, அதன் பெயரை அறிந்தோர் தொகையிலும் மிகப் பெரிது. விண்டோசிற் கிற் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பயன்படுத்தும் மாணவர், அதனோடு வரும் பாஷ் சாளரத்தைத் திறக்கும்போதெல்லாம், சிக்வினிலிருந்து கிளைத்த எம்சிஸ்2 என்னும் அடுக்கின்மேல் நிற்கின்றார். ஆயினும், கருநூலகத்தின் பெரும்பாரத்தை எக்காலத்தும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே சுமந்துள்ளனர்.

2016இல் மைக்ரோசொப்ற் நிறுவனமே விண்டோசுக்குள் லினக்ஸ் உபமுறைமையை அறிமுகப்படுத்தியபோது, சிக்வினின் பணி முடிந்ததெனக் கருதினோர் உளர். அவ்வுபமுறைமையின் இரண்டாம் பதிப்பு, உண்மையான லினக்ஸ் கருவொன்றைத் தனிப் பொறியாக உள்ளே இயக்குகின்றது. அது விரைவும் முழுமையும் உடையது. ஆனால் அது விண்டோசுக்கு அருகே வைத்த வேறொரு வீடு. சிக்வினோ இரு வீட்டாரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பேசச் செய்வது. சிக்வினில் ஆக்கிய செய்நிரல் விண்டோசின் செய்நிரலாகவே இயங்கும். அத்தேவை உள்ளவரை இவ்வடுக்கும், அதன் திருத்தங்களும் தொடரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இணக்கம் ஒருமுறை எய்தி முடியும் நிலையன்று. இரு பக்கமும் மாறிக்கொண்டிருக்க, இடைநின்று நாளும் பேணவேண்டிய உறவு. திருத்தம் என்பது எவர் கண்ட குறை குறையாக ஏற்கப்படுகின்றது என்பதனையும் பொறுத்தது. இற்றைப்படுத்தல் முன்னேற்றமாயினும், அதன் விளிம்பில் நிற்போரை அது கைவிடவுங்கூடும்.

இம்மூன்றாலும் எம் மாணவர்க்குக் கடமையொன்று எழுகின்றது. 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப்பல்கலைக்கழகமாயிற்று. கணினியியல் கற்போர் இன்று வன்னி மண்ணிலேயே உளர். புதியதொன்றைப் படைத்தலே புகழ் என எண்ணாது, உள்ளதிற் பழுது கண்டு, அதனைத் தெளிவாக எழுதி, இயலுமேல் திருத்தியும் அனுப்புதல் அவர்களால் ஆகக்கூடிய பணி. தமிழ்ப் பெயர் எங்கே முறிகின்றது, தமிழ் எழுத்து எங்கே கட்டம் மீறுகின்றது என்பதனைத் தமிழறிந்தவரன்றி வேறெவர் முதலிற் காண்பார்? கட்டிற் கசிவைக் கண்டவன் ஊரைக் கூட்டிச் சொல்லுதல் வன்னியின் பழைய வழமை. அவ்வழமையைப் புதிய குளத்துக்கும் உரியதாக்குதல் வேண்டும்.